போக வழியில்லாத மின்னல்

நாற்பத்தோராம் எண் வீட்டுக்குள் வந்த மின்னல் ஆறு வருஷம் வெளியே போகவில்லை. மழைக்காலத்தின் மூன்றாவது வாரம், புதன்கிழமை, பிற்பகல் மூன்றரை மணிக்கு அது மொட்டைமாடி ஆன்டெனாவில் இறங்கி, டிவியின் முதுகு வழியாக உள்ளே வந்தது. வந்த வேகத்தில் டிவி, ரேடியோ, மூன்று பல்பு, அழைப்புமணி எல்லாம் கருகின. பக்கத்து வீடுகளில் ஒரு ஜீரோ வாட் பல்புகூடப் போகவில்லை. மின்னல் என்றால் விழுந்த கையோடு மண்ணுக்குள் போய்விட வேண்டும், அதுதான் முறை. இது போகவில்லை. சுவருக்குள் ஓடும் வயர்களில் இரண்டு சுற்று சுற்றிவிட்டு, சமையலறை பிளக் பாயின்டில் வந்து உட்கார்ந்துகொண்டது. எலுமிச்சம்பழ அளவுக்கு நீலமான வெளிச்சம். தெருக்காரர்கள் இரண்டு நாள் வந்து பார்த்தார்கள், மூன்றாம் நாள் அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விட்டார்கள்.

வீட்டுக்காரி தையல் கடைகளுக்குக் காஜா எடுத்துப் பட்டன் கட்டிக் கொடுப்பவள். சட்டையில் பட்டன் நுழையும் ஓட்டையைச் சுற்றி நூல் அடிக்கும் வேலை அது. அதனால் ஊருக்கே அவள் காஜாக்கா. அவள் புருஷன் வயர்மேன், மின்னல் வருவதற்கு நாலு மாதம் முன்பு காய்ச்சலில் படுத்து அப்படியே போனவர். கைராசிக்காரர் என்று பேர். ஊரில் பாதி வீடுகளுக்கு எர்த் குழி தோண்டிக் கொடுத்தவர் அவர்தான். ஆள் உயரத்துக்குப் பள்ளம், நடுவில் இரும்புக் குழாய், சுற்றிலும் கரியும் உப்பும் மாறி மாறி. வீட்டுக்குள் தப்பி வரும் மின்சாரம் பச்சை வயர் பிடித்து அந்தக் குழாயில் இறங்கி மண்ணுக்குள் அடங்கிவிடும். கோடையில் குழிக்குத் தண்ணீர் ஊற்ற மறக்காதீர்கள் என்று ஒவ்வொரு வீட்டிலும் பத்துத் தடவை சொல்லிவிட்டு வருவார். தன் வீட்டுக்கும் எல்லா பாயின்டிலும் பச்சை வயரைக் கட்டினார், அத்தனையையும் ஒன்றாக்கிச் சமையலறைப் பின்சுவர் வரைக்கும் இழுத்தார். குழியை அடுத்த வாரம் தோண்டிக்கொள்ளலாம் என்று வயர் முனையைச் சுருட்டிச் சுவருக்குள் வைத்து மேலே சிமென்ட் பூசினார். பத்தொன்பது வருஷமாக அந்த அடுத்த வாரம் வரவில்லை. ஊரார் வேலைக்கு ஓடுகிற மனுஷனுக்குச் சொந்த வேலை எப்போதும் அடுத்த வாரம்தான். இது ஒருத்தருக்கும் தெரியாது, காஜாக்காவுக்கும் தெரியாது.

மின்னல் வந்த மறுநாள் லைன்மேன் வந்து பார்த்தார். மெயினை அணைத்தார். அணைத்த பிறகும் டெஸ்டர் எங்கே வைத்தாலும் எரிந்தது, வெறும் சுவரில் வைத்தாலும் எரிந்தது. ஒவ்வொரு பாயின்டாகக் கழற்றிப் பார்த்துவிட்டு, "எல்லாத்துலயும் பச்சை வயர் இருக்குக்கா. அண்ணன் போட்ட வேலையில நாங்க என்ன குத்தம் கண்டுபிடிக்கிறது" என்றார். பச்சை வயர் எங்கே போய் முடிகிறது என்று அவர் பார்க்கவில்லை. வயர்மேன் வீட்டிலேயே எர்த் இருக்கிறதா என்று சோதிக்க யாருக்குத் தோன்றும். எதற்கும் வீட்டுக்குள் ரப்பர் செருப்பு போட்டுக்கொள்ளச் சொல்லிவிட்டு, டெஸ்டரைச் சட்டைப் பையில் செருகிக்கொண்டு போனார்.

முதல் மாதம் அவள் பயந்தாள். இரண்டாம் மாதம் திட்டினாள். மூன்றாம் மாதம் காலையில் எழுந்ததும் அது எந்த பாயின்டில் இருக்கிறது என்று தேட ஆரம்பித்தாள். அதன் பழக்கவழக்கங்கள் எல்லாம் அத்துப்படியாயின. காலையில் சமையலறை, மதியம் அவள் வேலை செய்யும் அறை, விளக்கு வைக்கிற நேரத்தில் டியூப்லைட் சோக்குக்குள் போய் 'உம்ம்' என்று முனகும். அவள் சுவிட்சைப் போடாமலே காஜா மிஷின் ஓடும், அதுவும் அவள் கால் மிதியில் வைத்த பிறகுதான் ஓடும், அந்த மரியாதை இருந்தது. கிட்டத்தில் வந்தால் அவள் தலைமுடி காது மேல் எழுந்து நிற்கும். மாதா மாதம் வரும் மீட்டர் கணக்காளர், சக்கரம் நகராததைப் பார்த்துத் திருட்டுக் கொக்கி என்று சந்தேகப்பட்டு மாடியெல்லாம் ஏறி இறங்கினார். கொக்கி கிடைக்கவில்லை. அட்டையில் 'வீட்டில் மின்னல் உள்ளது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார், அதற்கப்புறம் எல்லா மாதமும் அதையே எழுதினார்.

சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுவோம், அவளுக்கு வேறு ஆள் இல்லை. கடைகளிலிருந்து சட்டை மூட்டை வரும், போகும். கொண்டு வருபவன் "எத்தனை?" என்பான், அவள் "நாப்பத்தெட்டு" என்பாள், ஒரு நாளின் பேச்சு அதோடு முடிந்தது. அதனால் மின்னலிடம் பேசினாள். நூல் அறுகிறது, முதுகு வலிக்கிறது, எதிர்வீட்டுக்காரி இப்போதெல்லாம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. அது முனகிக்கொண்டு கேட்கும். வானத்தில் இடி உருளும் நாட்களில் மட்டும் அது நிலைகொள்ளாமல் பாயின்டுக்குப் பாயின்டு ஓடிச் சுவரில் முட்டும். பயப்படுகிறது என்று நினைத்தாள். "நான் இருக்கேன்ல, எதுக்கு இந்த ஆட்டம்" என்று சுவரைத் தட்டிக் கொடுப்பாள். உள்ளங்கை சுட்டுவிடும்.

ஒரே மகன், ஏழு மணி நேர பஸ் தூரத்தில் ஒரு பெரிய ஊரில் லிஃப்ட் ரிப்பேர் செய்கிறவன். அவன் கடைசியாக வந்தது மின்னல் வருவதற்கு ஒரு வாரம் முன்பு. அவன் வந்தால் அவளுக்கு அனுப்ப மனசு வராது. ஒரு தடவை நெஞ்சைப் பிடித்துக்கொண்டு படுத்தாள், ஒரு தடவை பெட்டிச் சாவியைத் தொலைத்தாள். அந்தக் கடைசித் தடவை அவனுடைய இடது கால் ஷூவை பீரோவில் அப்பா சட்டைகளுக்குப் பின்னால் ஒளித்து வைத்தாள். ஒரு மணி நேரம் தேடினான். நாலு மணி பஸ் போயிற்று. பிறகு அம்மா முகத்தைப் பார்த்தான், புரிந்துகொண்டான். வலது ஷூவை வாசலில் விட்டுவிட்டு, வெறுங்காலோடு நடந்துபோய் பஸ் ஸ்டாண்டில் ரப்பர் செருப்பு வாங்கிப் போட்டுக்கொண்டு அடுத்த பஸ் ஏறினான். "போயிட்டு வரேம்மா" என்றான். 'போயிட்டு வா' என்று சொல்லவேண்டிய இடம் அது. கோபத்தில் அவள் சொல்லவில்லை. அதற்கப்புறம் ஆறு வருஷம் ஞாயிற்றுக்கிழமை போன் மட்டும்தான் வந்தது. வீட்டில் மின்னல் இருக்கிறது என்று அவள் சொன்னபோது அதையும் நெஞ்சுவலி, சாவி வரிசையில் சேர்த்துக்கொண்டு, "சரிம்மா, பாத்து இரு" என்றான்.

ஆறாவது வருஷம், என்ன நினைத்தானோ, ஒரு டப்பாவை கூரியரில் அனுப்பினான். லிஃப்ட் போர்டுகளில் வைப்பது போன்ற சர்ஜ் ப்ரொடெக்டர். "மின்னல் வருது வருதுன்னு சொல்றியே, இத மெயின் போர்டுல மாட்டச் சொல்லும்மா. பொருள் எதுவும் கருகாது." லைன்மேன் வந்து மாட்டினார். மாட்டியவுடன் டப்பாவின் பச்சை விளக்குக்குப் பதில் சிவப்பு எரிந்தது. அவர் தலையைச் சொறிந்தார். "அக்கா, இது ஒண்ணும் மாயம் பண்ணாது. அதிகமா வர்ற கரண்ட்டை மண்ணுக்குத் திருப்பி விடும், அவ்வளவுதான். எர்த் இல்லேன்னு சிவப்பு காட்டுது. மண்ணுக்கு வழியே இல்லேன்னா எங்க திருப்பும்?" அன்றைக்குத்தான் இருவரும் பச்சை வயரைப் பிடித்துக்கொண்டு கடைசி வரை போனார்கள். சமையலறைப் பின்சுவரில், விறகு அடுப்புக் காலத்துப் பழைய அலமாரியை நகர்த்தியபோது, சிமென்டில் ஒரு ரூபாய்க் காசு அளவுக்கு வட்டமாகக் கருகியிருந்தது. லைன்மேன் உளியால் தட்டினார். வட்டம் உள்ளே போகப் போகப் பள்ளமாக இருந்தது. முக்கால் செங்கல் உள்ளிருந்து வெந்து பொடியாகியிருந்தது. ஆறு மழைக்காலமும் அது அந்த இடத்தில்தான் முட்டியிருக்கிறது.

காஜாக்கா அடுப்பு மேடையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தன்னைப் பிடித்துப்போய் இங்கே இருக்கிறது என்றுதான் ஆறு வருஷமும் நம்பியிருந்தாள். "பாவி, கேட்டிருக்கலாமே" என்றாள். அதைச் சொன்னாளா தன்னைச் சொன்னாளா, லைன்மேனுக்கு விளங்கவில்லை. "குழி தோண்டிடலாமாக்கா? நாளைக்கே ஆள் கூட்டிட்டு வரேன்" என்றார். அவள், "அடுத்த வாரம் பாக்கலாம்" என்றாள். சொன்ன பிறகு அது யாருடைய வார்த்தை என்று உறைத்தது. ஆனாலும் மாற்றிச் சொல்ல வாய் வரவில்லை.

அந்த வாரம் முழுக்க அவள் அதன் பக்கம் பார்க்காமலே வேலை செய்தாள். அது போய்விட்டால் இந்த வீட்டில் 'நாப்பத்தெட்டு' என்கிற ஒரு சொல்தான் மிச்சம். வியாழக்கிழமை பகலில் இடி இடித்தது. அது ஓடியது, அந்தச் சுவருக்குப் போய் முட்டியது, திரும்பி வந்து மறுபடி முட்டியது. இந்தத் தடவை அவள் தட்டிக் கொடுக்கவில்லை. பீரோவைத் திறந்து, சட்டைகளுக்குப் பின்னாலிருந்து இடது ஷூவை எடுத்தாள், பூஞ்சணம் பிடித்திருந்தது. வலது ஷூவையும் எடுத்துவந்து இரண்டையும் மடியில் வைத்துக்கொண்டு, மழை விடும் வரை அழுதாள். மழை விட்டதும் லைன்மேனுக்குப் போன் செய்தாள்.

சனிக்கிழமை காலை பின்கட்டில் ஆள் உயரத்துக்குப் பள்ளம் வெட்டினார்கள். கரியை அவளே கொட்டினாள், உப்பையும் அவளே. குழாய் இறங்கியது. கம்பியை முறுக்கும் முன் லைன்மேனை இருக்கச் சொல்லிவிட்டு உள்ளே போனாள். அது சமையலறையில் இருந்தது. "போயிட்டு வா" என்றாள். பழக்கதோஷத்தில் வருகிற வார்த்தைதான், ஆனால் ஆறு வருஷமாக அவள் யாருக்கும் சொல்லாதது. வெளியே லைன்மேன் நட்டை முறுக்கினார். வீடு முழுக்க ஒரு பெருமூச்சு ஓடியது, குழியில் ஊற்றிய தண்ணீர் ஆவியாக எழுந்தது, அவள் தலைமுடி காதில் படிந்தது. டப்பாவில் பச்சை விளக்கு எரிந்தது. அந்த மாதம் கணக்காளர் அட்டையில் வெறும் எண்ணை எழுதினார்.

அதற்கப்புறம் வீடு சத்தமில்லாமல் கிடந்தது. காஜா மிஷினுக்கு சுவிட்ச் போட வேண்டியிருந்தது. காலையில் எழுந்ததும் பாயின்டுகளைத் தேடும் கண்ணை அடக்க அவளுக்கு நாலு மாதம் பிடித்தது. தனிமை தனிமைதான், நல்லது செய்தோம் என்பதற்காக அது குறைந்துவிடுவதில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை போனில், "ஒரு நாள் காலையில வந்துட்டு சாயங்காலமே போயிடேன். நாலு மணி பஸ்ஸுக்கு நானே கிளப்பி விடறேன்" என்றாள். "ஷூ கிடைச்சுதா?" என்றான். "கிடைச்சுது" என்றாள்.

அடுத்த மழைக்காலத்தின் மூன்றாவது வாரம் அவன் வந்தான், முன்நெற்றியில் கொஞ்சம் வழுக்கையோடு. துடைத்த ஷூ இரண்டும் வாசலில் தெருவைப் பார்த்து வைக்கப்பட்டிருந்தன. சாப்பிட்டான், டப்பாவைத் திறந்து பார்த்தான், வயர் சரியாக முறுக்கியிருப்பதாகச் சொன்னான். மூன்றரை மணிக்கு வானம் கறுத்தது. ஆன்டெனாவில் சடசடவென்று ஏதோ இறங்கியது, சமையலறை பாயின்ட் நீலமாயிற்று, அவள் போய் மிதியில் கால் வைத்ததும் காஜா மிஷின் சுவிட்ச் போடாமலே நாலு ஓட்டை போட்டது. டியூப்லைட் 'உம்ம்' என்றது. பிறகு வெளிச்சம் பாயின்டை விட்டு இறங்கித் தரையோரமாகப் பின்கட்டை நோக்கி நடந்து வந்தது. மகன் நாற்காலியில் இருந்தபடியே காலைத் தூக்கி வழி விட்டான்.

"யாரும்மா அது?"

"நான் சொன்னேன்ல, அதுதான். வழி இருக்கில்ல, வரப்போக இருக்கும். நீ கிளம்பு, பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்றாள்.

அவன் எழுந்து ஷூவைக் காலில் மாட்டினான், அளவு இன்னும் சரியாக இருந்தது. கயிற்றைக் கட்டாமல் மறுபடி உட்கார்ந்தான். "ஆறரைக்கு ஒண்ணு இருக்கும்மா" என்றான். ஆறரை பஸ்ஸுக்கு அவன் கிளம்பியபோது அவள் வாசல் வரை வந்து, "போயிட்டு வா" என்றாள். மின்னல் அதற்கு முன்பே போயிருந்தது.