ஏழைப் பிள்ளை வேஷம்

1.

இந்தக் கதை தலைமையாசிரியர் கேட்டுப் பிறந்தது. பள்ளியின் வரலாற்று மலருக்கு 'வேலையாட்கள் தரப்பிலிருந்தும் ஒரு குரல்' வேண்டுமாம். கொதிகலன் அறையில் பாதி ஆயுளைக் கரைத்தவன் நான். எழுத்துக் கூட்டப் பழகியதே நாற்பதுக்கு மேல்தான். குரல் கரகரக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதல் தொடக்கம்: 'நானூறு ஆண்டுகளுக்கு மேலாக அறிவுச்சுடர் ஏந்தி நிற்கும் ஆல்டர்விக் கிராமர் பள்ளி...'

(போதும். சுடருக்குக் கரி அள்ளிப் போட்டவனுக்கு இதைப் படித்தால் இருமல் வருகிறது.)

2.

இரண்டாவது தொடக்கம். கம்பளி வணிகர் சர் ஹம்ஃப்ரி தேல் ஊர்ப்பொது மேய்ச்சல் நிலத்தை வேலி போட்டு வளைத்தார். ஆட்களை விரட்டி ஆடுகளை விட்டார். சாகும் தறுவாயில் நரக பயம் வந்தது. விரட்டப்பட்டவர்களின் பிள்ளைகளுக்கு இலவசமாகக் கற்பிக்க ஒரு பள்ளி கட்டினார். நிலம் கேட்டவர்களுக்கு லத்தீன் கிடைத்தது.

பின்னால் வந்த ஒரு தலைமையாசிரியர் மாணவரே இல்லாமல் பள்ளி நடத்திச் சம்பளம் வாங்கினார். (வகுப்பறையில் அவருடைய வேட்டைநாய்கள் கிடந்தன. ஒழுங்கான மாணவர்கள் என்று கேள்வி.) அவருக்கும் பின்னால் வந்தவர்கள் கட்டணம் கட்டும் பிள்ளைகளைச் சேர்த்தார்கள். ஏழைப் பிள்ளைகள் எங்கே போனார்கள் என்று

இந்த வாக்கியம் இப்படியே கிடக்கட்டும்.

3.

ஏழையை அடியோடு கைவிட்டார்கள் என்றும் சொல்லக் கூடாது. நிறுவனர் நாளன்று ஓர் ஏழையைத் தயாரிக்கிறார்கள். வக்கீல் வீட்டுப் பையன் ஒருவனுக்குக் கிழிந்த கோட்டு மாட்டி, கன்னத்தில் கரி பூசி, விருந்தினராக வந்த பிஷப்பும் பள்ளி ஆட்சிக்குழுவும் உட்கார்ந்திருக்கும் மண்டபத்தின் கதவைத் தட்டவிடுவார்கள். பசிக்கிறது, படிக்க இடம் கொடுங்கள் என்பான். தலைமையாசிரியர் ரொட்டியைப் பிட்டுக் கொடுத்து, "உள்ளே வா, இடம் உனதே" என்பார். கைதட்டல். பையன் முகத்தைக் கழுவிக்கொண்டு வாத்துக்கறி தின்னப் போவான்.

இந்த ஆண்டுப் பையனுக்கு அம்மை போட்டுவிட்டது. சமையற்காரி மேவிஸின் மகள் லின்னைக் கேட்டார்கள். (பெண்பிள்ளைகளையும் சேர்க்கத் தொடங்கியாயிற்று. கட்டணம் ஆண் பெண் பார்ப்பதில்லை.) லின் நுழைவுத் தேர்வில் தேறியவள். கட்ட வழியில்லாமல் இடம் போனது.

"வேஷத்துக்குக் கோட்டு வேணாமாம். அவ ஊர்ப் பள்ளிக்கூடத்துக்குப் போட்டுட்டுப் போறதே போதும்னுட்டாங்க," என்றாள் மேவிஸ், உருளைக்கிழங்கை ஓங்கி மசித்தபடி.

"கோவம் வரலையா உனக்கு?" என்று கேட்டேன்.

"வராம? ரொட்டிய வாங்கிட்டு வெளிய வராதடி, போய் பெஞ்சுல உக்காருன்னு சொல்லி வச்சிருக்கேன்."

"ஏய், அது நாடகம்!"

"பிஷப்பு முன்னாடி இடம் உனதேன்னு சொல்றாருல்ல? நாடகம்னு அவரே வாயால சொல்லட்டும், கேட்டுக்கறேன்."

(இவ்வளவு துடுக்கு மலருக்கு ஆகாதே என்று மேவிஸைச் சாதுவாக மாற்றி எழுதி, அவளுக்கே படித்துக் காட்டினேன். கரண்டியைத் தூக்கினாள். பழையபடி எழுதிவிட்டேன்.)

4.

லின் கதவைத் தட்டினாள். கேட்டாள். ரொட்டி வாங்கினாள். தலைமையாசிரியர் டாக்டர் பெம்பர்ட்டன் கணீரென்று, "இடம் உனதே!" என்றார். கைதட்டல். அவள் நேரே முதல் பெஞ்சில் போய் உட்கார்ந்து ரொட்டியைத் தின்னத் தொடங்கினாள். கைதட்டல் ஓய்ந்தது. அவள் எழவில்லை.

"நல்லா நடிச்சம்மா. போதும், போகலாம்."

"எங்க சார் போகணும்? நீங்கதான உள்ள வரச் சொன்னீங்க?"

பிஷப் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வெகுநேரம் துடைத்தார்.

5.

முடிவுகள் கைவசம் உள்ளன. ஒன்றில் டாக்டர் மனம் உருகுகிறார். அதற்குப் படமும் போடலாம். இன்னொன்றில் மேவிஸுக்கு வேலை போகிறது. அதற்குப் படம் தேவையில்லை.

நேற்று டாக்டரே கொதிகலன் அறைக்கு இறங்கி வந்தார். "ஸ்டப்ஸ், அந்த முடிவ மட்டும் கொஞ்சம் நல்லபடியா எழுதிடுங்களேன்."

"நடந்தா எழுதறேன் சார். நீங்க இன்னும் ஒண்ணும் சொல்லலையே."

"அது ஆட்சிக்குழு கையில இருக்கு."

மலரில் வரும் எதையும் அச்சுக்கு முன் ஆட்சிக்குழு படித்தாக வேண்டும். ஆகவே, இதை இப்போது வாசிப்பது யாரென்று எனக்குத் தெரியும். அன்று கைதட்டியவர்களும் நீங்கள்தான். லின் தினமும் காலையில் வந்து அதே பெஞ்சில் உட்காருகிறாள். ஆசிரியர்கள் அவளைச் சுற்றிக்கொண்டு நடக்கிறார்கள். கீழே இடம் விட்டிருக்கிறேன், முடிவை நீங்களே எழுதுங்கள். எழுதும்வரை அவள் எழுந்திருக்கப் போவதில்லை.