ஐம்பத்தொரு வினாடி

லீமாவில் திங்கட்கிழமை என்றால் வீட்டுக்கு வீடு பருப்புதான். கீப்பு என்ற எங்கள் கணினி விளையாட்டு அணி தங்கியிருந்த வீட்டில் நான் வாரத்துக்கு மூன்று நாள் பருப்பு போட்டேன். இல்லை என்று சொல்ல மாட்டேன். அதற்காக, எங்களை விட்டு எதிரணிக்குத் தாவிய ஃப்ராங்க்ளின் நேரலையில் உட்கார்ந்து ஊரே கேட்க, "யெசேனியா வீட்டுல ஏழு நாளும் திங்கக்கிழமைதான்" என்று சொல்லியிருக்க வேண்டாம். அன்றிலிருந்து அவன் பெயரைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

யெசேனியா நான்தான், கீப்பு அணியின் பயிற்சியாளர். ஐந்து பேர் கணினி முன் உட்கார்ந்து எதிராளி ஐந்து பேரின் கோட்டையை உடைக்க வேண்டும். ஆட்டம் அவ்வளவுதான். அந்த வருடம் உலகப் போட்டிக்கு ஐரோப்பாவுக்கு ஐந்து இடம் கொடுத்தார்கள், எங்கள் தென்னமெரிக்காவுக்கு ஒன்று. எட்டு அணிகள், ஒவ்வோர் அணியோடும் இரண்டு ஆட்டம். அதிக வெற்றி யாருக்கோ அவர்களுக்கு விமானச் சீட்டு.

மேய்கோல் ஏழு வருடமாக அந்தச் சீட்டுக்காக ஆடிக்கொண்டிருந்தான். வயது இருபத்தாறு. எங்கள் தொழிலில் அது ஓய்வுபெறும் வயது. இந்த முறை விட்டால் அண்ணனோடு மோட்டோடாக்ஸி, அதாவது எங்கள் ஊர் ஆட்டோ, ஓட்டப் போவதாக அவனே சொல்லியிருந்தான்.

கடைசி நாள் தொடங்கும்போது எங்கள் கணக்கில் பத்து வெற்றி. குரித்திபாவிலிருந்து ஆடிய பிரேசில் அணிக்கு ஒன்பது. எங்களுக்கு ஃப்ராங்க்ளினின் அணியோடு இரண்டு ஆட்டம் பாக்கி, அதே நேரத்தில் பிரேசில் அணிக்கு அர்ஜென்டினாக்காரர்களோடு இரண்டு. ஃப்ராங்க்ளினின் அணி எப்போதோ பந்தயத்தை விட்டு வெளியேறியிருந்தது. இருந்தும் முதல் ஆட்டத்தில் எங்களைத் தோற்கடித்தார்கள். முடிந்ததும் ஃப்ராங்க்ளின் எல்லாருக்கும் தெரியும்படி திரையில் எழுதினான்: "பருப்பு வெந்துடுச்சா அக்கா?"

இடைவேளையில் பையன்களைக் கூப்பிட்டேன்.

"இந்த ஆட்டத்துல மேல வந்தா உடனே முடிக்காதீங்க. அவன் தலை தூக்கத் தூக்கப் போட்டு அடிங்க. ஊரே பாக்கட்டும்."

"அங்க பிரேசில்காரனுங்க ஜெயிச்சிட்டா?" என்றான் மேய்கோல்.

"அர்ஜென்டினாக்காரன் பிரேசில்காரன ரெண்டு ஆட்டமும் ஜெயிக்க விடுவானாடா? உயிரே போனாலும் விட மாட்டான்."

எல்லாரும் சிரித்தார்கள்.

இரண்டாம் ஆட்டத்தில் எங்கள் பையன்கள் பின்னி எடுத்தார்கள். இருபத்தொன்பதாவது நிமிடத்தில் எதிரிகளின் கோட்டை காவலின்றிக் கிடந்தது. மேய்கோல் திரும்பி என்னைப் பார்த்தான். ஆட்டம் தொடங்கிய பின் பயிற்சியாளர் வாய் திறக்கக் கூடாது. தலையை ஆட்டக் கூடாது என்று விதியில் இல்லை. வேண்டாம் என்று ஆட்டினேன். அதன்பிறகு நான்கு நிமிடம் ஃப்ராங்க்ளின் திரையில் மறுபடி உயிர்த்து வரும்போதெல்லாம் அவனை வெட்டிச் சாய்த்தார்கள். எனக்கு மனம் குளிர்ந்தது. மறைக்க என்ன இருக்கிறது?

முப்பத்துமூன்றில் முடித்தோம். பதினோரு வெற்றி. கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தபோதே செய்தி வந்தது. அர்ஜென்டினாக்காரர்கள் இரண்டு ஆட்டத்தையும் தோற்றிருந்தார்கள். பிரேசிலுக்கும் பதினொன்று.

இரண்டு அணிகளும் மோதியபோது ஆளுக்கொரு வெற்றி. அப்படிச் சமமானால், வென்ற ஆட்டங்களை மொத்தமாகக் குறைந்த நேரத்தில் முடித்த அணிக்கு இடம். விதி அது. நடுவர்கள் கூட்டிப் பார்த்து அனுப்பினார்கள். ஐம்பத்தொரு வினாடி அதிகம் எங்களுக்கு.

மேய்கோல் காதொலிக் கருவியைக் கழற்றி, அதன் கம்பியை ஒழுங்காகச் சுற்றி மேசையில் வைத்தான்.

ஒரு மணி நேரத்துக்குள் பெரு நாடே அவனைக் கிழித்துத் தொங்கவிட்டது. கோட்டை முன்னால் நின்றுகொண்டு உடைக்காமல் விளையாடினான், ஆணவம், முட்டாள், விதி தெரியாதவன் என்று. அவன் அம்மாவைக்கூட விடவில்லை. என்னால் பார்க்க முடியவில்லை. அணியின் நேரலையைத் திறந்தேன்.

"இழுக்கச் சொன்னது நான். விதி மறந்துபோச்சு எனக்கு. பசங்க யாருக்கும் அது தெரியாது. திட்டறதா இருந்தா என்னத் திட்டுங்க."

உடனே திட்டினார்கள். அது எனக்கு ஆறுதலாகக்கூட இருந்தது, ஏதோ பாரத்தை இறக்கி வைத்தது போல.

நேரலையை அணைத்தபோது மேய்கோல் கதவருகில் நின்றான்.

"எனக்கு விதி தெரியும்க்கா. மொத நாளு நீங்கதான படிச்சுக் காட்டுனீங்க. அதனாலதான் திரும்பிப் பாத்தேன்."

"தெரிஞ்சா ஏன்டா முடிக்கல?"

"நீங்க தலைய ஆட்டுனீங்க. எனக்குத் தெரியாத ஏதோ ஒரு கணக்கு நீங்க வெச்சிருப்பீங்கன்னு நெனச்சேன்."

"ஒரு கணக்கும் இல்லடா," என்றேன். "கோவம். அவ்வளவுதான்."

அவன் தலையசைத்தான். ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.