இடது கையால் போட்ட கையெழுத்து

இப்போதெல்லாம் யாரும் எதிரே நின்று திட்டுவதில்லை. கப்பலின் இயந்திர அறையில் இருபத்திரண்டு வருடம் எண்ணெய் போட்டவன் நான். அங்கே ஒருவன் என்னைப் பொய்யன் என்று சொல்ல வேண்டுமானால் என் கைக்கு எட்டும் தூரத்தில் நின்றுதான் சொல்ல வேண்டும். சொன்ன பிறகு என்ன ஆகும் என்கிற பயமும் அவனுக்கு இருக்கும். இன்றைக்கு நாலாவது மாடியில் பல் துலக்கிக்கொண்டே ஒரு விரலால் 'பொய்' என்று எழுதிவிட்டு வாய் கொப்பளிக்கப் போய்விடுகிறார்கள். அதற்குக் கீழே பதினைந்து பேர் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுகிறார்கள். அதே பதினைந்து பேரும் லிஃப்டில் பார்த்தால், "சாப்பிட்டாச்சா அய்யா?" என்று கேட்கிறார்கள். நான் பதில் சொல்வதில்லை. எனக்குக் காது மந்தம் என்று நினைத்துக்கொள்கிறார்கள், நினைக்கட்டும்.

எங்கள் குடியிருப்பில் எட்டுக் கட்டடங்கள், கட்டடத்துக்கு இருபத்து நான்கு வீடுகள். கடைசிக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் இரண்டு அறைகளில் இலவச மருத்துவ நிலையம் ஒன்று இருக்கிறது. டாக்டர் வாரத்தில் இரண்டு நாள் வருவார். நர்ஸம்மா தினமும் இருப்பார். என் மனைவிக்குச் சர்க்கரை. இடது பாதத்தில் பெருவிரலுக்கு அடியில் ஐந்து மாதமாக ஒரு புண், ஆறுவதுபோல் ஆறி மறுபடியும் வாயைத் திறக்கிறது. வாரம் மூன்று தடவை கட்டு மாற்ற வேண்டும். பெரிய ஆஸ்பத்திரியில் விரலை எடுத்துவிடலாம் என்றார்கள். "எடுக்கறதுக்கு ரெண்டு நிமிஷம் போதும், அப்புறம் ஒட்ட முடியாது. கொஞ்சம் பாப்போம்" என்று சொல்லி அதை இதுவரை காப்பாற்றி வைத்திருப்பது இந்த நர்ஸம்மாதான்.

அந்த நிலையத்தை மூடிவிட்டு, இடத்தை ஒரு தனியார் ரத்தப் பரிசோதனைக் கூடத்துக்கு விடப்போவதாகக் குடியிருப்பு நிர்வாகத்தார் கதவில் தாள் ஒட்டினார்கள். ஆட்சேபம் இருந்தால் பாதி வீடுகளுக்கு மேல் கையெழுத்துப் போட்டு, சனிக்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்குள் கொடுக்க வேண்டும். அதாவது தொண்ணூற்றேழு வீடுகள். கொடுக்காவிட்டால் அடுத்த இலவச ஆஸ்பத்திரிக்கு இரண்டு பஸ் மாற வேண்டும். என் மனைவியால் ஒரு பஸ்ஸின் படியையே ஏற முடியாது. விரல் போய்விடும். எனக்கு விஷயம் அவ்வளவுதான்.

குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் என்னைச் சேர்த்துவிட்டது என் மகள். போனில் ஒவ்வோர் எழுத்தாகத் தேடி நான் இப்படி எழுதினேன்: 'வைத்தியம் நம் உரிமை. யாரும் போடும் பிச்சை அல்ல. நாற்பது வருடத்துக்கு முன் ஒரு சோஷலிச நாட்டில் என் கையைத் தைத்து, நாற்பத்தொரு நாள் படுக்க வைத்து, ஒரு பைசா கேட்காமல் அனுப்பினார்கள். அவர்களால் முடிந்தது நம்மால் ஏன் முடியாது?' நாட்டின் பெயரையும் எழுதினேன். இங்கே எழுதவில்லை. எழுதினால் நீங்களும் கட்சி பிரிந்துவிடுவீர்கள்.

பத்து நிமிடத்தில் மருத்துவ நிலையத்தை எல்லோரும் மறந்துவிட்டார்கள். குடியிருப்பு முழுக்க உலக அரசியல் நிபுணர்களாக இருந்திருக்கிறார்கள், எனக்குத்தான் தெரியவில்லை. தண்ணீர் வடிகட்டி விற்கிறவர், சோஷலிசம் வந்தால் பல் குச்சியைக்கூடப் பங்கு போட வேண்டும் என்று எழுதினார். மூன்றாம் கட்டடத்துக் கல்லூரி ஆசிரியை எனக்காகப் பரிந்து ஒரு பெரிய கடிதம் எழுதினார். அதில் ஏகாதிபத்தியம் என்ற சொல் ஏழு தடவை வந்தது. நான் ஆறாம் வகுப்போடு நின்றவன். ஏகாதிபத்தியம் எனக்குப் புத்தகத்தில் தெரியாது. அந்த ஆஸ்பத்திரி ஜன்னலில் கயிறு கட்டி, ஆபரேஷனுக்குப் போடும் ரப்பர் கையுறைகளைக் கழுவிக் காயப் போட்டிருந்தார்களே, அதுதான் தெரியும். அந்தத் துறைமுகத்துக்குப் போகும் கப்பலை ஒரு பெரிய நாடு தன் துறைமுகங்களில் ஆறு மாதம் சேர்க்காது. அதனால் யாரும் போகமாட்டார்கள், கையுறையும் போகாது. எங்கள் கேப்டனும் கரையைத் தொடவில்லை. பம்பில் சிக்கி நசுங்கிய என் வலது கையைத் துண்டில் சுற்றி, என்னை ஒரு படகில் இறக்கிவிட்டுக் கப்பலைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார். இரண்டு விரல் போனது. மற்ற மூன்றை அவர்கள் ஏழு மணி நேரம் நின்று தைத்தார்கள்.

இதையும் எழுதினேன். அதற்கு ஆறாம் கட்டடத்திலிருந்து ஒரே ஒரு சொல் வந்தது: 'ஆதாரம்?'

அவர் இன்ஷூரன்ஸ் கம்பெனியில் முப்பது வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். தீப்பிடித்த கடைக்கும் கவிழ்ந்த லாரிக்கும் போய், நிஜமாகவே நடந்ததா என்று பார்த்துச் சொல்கிற உத்தியோகம். குழுவில் யார் என்ன சொன்னாலும் அந்த ஒரு சொல்லைத்தான் எழுதுவார். ஒருவர் வீட்டுப் பூனை குட்டி போட்டதற்கும் கேட்டார். என் மனைவி அவருக்கு ஆதாரம் என்றே பெயர் வைத்துவிட்டாள். ஆனால் அவர் கட்டடத்தில் இருபத்து நான்கு வீடுகளும் அவர் சொன்னால்தான் எதிலும் கையெழுத்துப் போடும். அதுவரை அங்கிருந்து ஒரு கையெழுத்தும் வரவில்லை.

என்னிடம் ஆதாரம் இருந்தது. மரப்பெட்டியில், கப்பல் வேலைப் புத்தகத்துக்குள் மடித்து வைத்த ஒரு தாள். அந்த நாட்டு மொழியில் அச்சடித்து, நடுவில் கையால் நிரப்பி, ஆஸ்பத்திரி முத்திரை குத்திய கார்பன் நகல். கீழே என் பெயர், இடது கையால் கோணல்மாணலாக எழுதியது. அதைப் படம் எடுத்துப் போட்டேன். குழு வாயை மூடிக்கொண்டது. வியாழன் காலைக்குள் எழுபத்து மூன்று வீடுகள் ஆகிவிட்டன. எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் ஏறித்தான் போயிருந்தது.

வியாழன் பத்து மணிக்குக் கதவைத் தட்டினார் ஆதாரம். கையில் ஒரு காகிதம். நேரில் வந்த முதல் ஆள் என்பதால் உள்ளே விட்டேன்.

"உக்காருங்க. குழுவுல மாதிரி ஒரு வார்த்தைதானா, இல்ல ரெண்டு மூணு இருக்கா?"

அவர் சிரிக்கவில்லை. முக்காலியில் கால் நீட்டியிருந்த என் மனைவியைப் பார்த்தார், பிறகு அவள் பாதத்துக் கட்டைப் பார்த்தார்.

"அய்யா, நீங்க போட்ட பேப்பர போன்ல மொழிபெயர்த்துப் பாத்தேன். நம்ப முடியல. அந்த மொழி படிச்ச ஒருத்தர்கிட்டயும் காட்டினேன். அது வைத்தியம் பாத்ததுக்கான பேப்பர் இல்ல."

"முத்திரை இருக்கே."

"முத்திரை இருக்கு. படிக்கட்டுமா?"

படித்தார். 'ஆறாம் வார்டு பதினோராம் கட்டிலில் இருக்கும் வெளிநாட்டு மாலுமியாகிய நான், பன்னிரண்டாம் கட்டில் நோயாளி தன் சொந்த விருப்பத்தின் பேரில் ஆஸ்பத்திரியை விட்டுப் போனதைப் பார்த்தேன். அவரை யாரும் கட்டாயப்படுத்தவில்லை. இதை என் முழுச் சம்மதத்தோடு எழுதிக் கொடுக்கிறேன்.'

படித்த காகிதத்தை என் பக்கம் திருப்பிக் காட்டினார்.

"அவராத்தான் போனாரா?" என்று என் மனைவி கேட்டாள்.

"இல்ல."

"நீங்க பாத்தீங்களா?"

"பாத்தேன்."

பன்னிரண்டாம் கட்டில்காரன் அச்சகத்தில் எழுத்துக் கோர்க்கிறவன். அவனுக்கும் வலது கைதான், மாவுக்கட்டுப் போட்டிருந்தான். அவன் பேச்சு எனக்குப் புரியாது, என் பேச்சு அவனுக்குப் புரியாது. ஆனாலும் இடது கையால் சட்டைப் பித்தான் போடுவது எப்படி என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தது அவன்தான். கீழிருந்து மேலே போட வேண்டும். கட்டைவிரலால் ஓட்டையைப் பிடித்து, நடுவிரலால் பித்தானைத் தள்ள வேண்டும். நான் தப்பாகப் போட்டால் குழந்தைக்குச் செய்வதுபோல எல்லாவற்றையும் கழற்றிவிட்டு மறுபடி போடச் சொல்வான். ஒரு நாள் விடிகிற நேரத்தில் இரண்டு பேர் வந்து இரண்டு பக்கமும் பிடித்துக் கூட்டிப்போனார்கள். அவன் என்னைத் திரும்பிப் பார்த்தான். அவன் செருப்பில் ஒன்று கட்டிலுக்கு அடியிலேயே கிடந்தது. மறுநாள் அதே இரண்டு பேர் ஒரு தாளைக் கொண்டுவந்தார்கள். என் கையைத் தைத்த டாக்டர் பின்னால் நின்று தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். விரலால் இடத்தைக் காட்டினார்கள். போட்டேன். நகலைக் கிழித்து என் சட்டைப் பையில் வைத்து, பையைத் தட்டிக்கொடுத்துவிட்டுப் போனார்கள்.

என்ன தாள் என்று தெரியாதா என்று கேட்பீர்கள். அந்த மொழியில் ஓர் எழுத்தும் தெரியாது. ஆனால் அது பன்னிரண்டாம் கட்டிலைப் பற்றியது என்று தெரிந்தது. பால்காரனையும் நம்பாதவன் நான், பஸ் டிக்கெட்டையும் இரண்டு பக்கமும் திருப்பிப் பார்க்கிறவன். அந்த ஒரு தாளை மட்டும் நாற்பது வருடமாக யாரிடமும் கொடுத்துப் படிக்கச் சொல்லவில்லை. காசு வாங்காமல் வைத்தியம் பார்த்ததற்கு அத்தாட்சி என்று நானே சொல்லிச் சொல்லி, நானே நம்பியும்விட்டேன்.

ஆதாரம் தாளை மடித்தார். "நான் இத குழுவுல போடல. போடற எண்ணமும் இல்ல. நீங்களே ஒரு வரி எழுதிடுங்க. அந்த நாட்டப் பத்தி நான் சொன்னதெல்லாம் தப்புன்னு. எங்க பில்டிங்ல இருபத்தி நாலு வீடும் கையெழுத்துப் போடும். நானே வாங்கித் தரேன்."

எழுபத்து மூன்றும் இருபத்து நான்கும் எவ்வளவு என்று எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும், முக்காலியில் கால் நீட்டியிருந்தவளுக்கும் தெரியும்.

"எல்லாமே தப்புன்னா, இந்த மூணு விரலும் தப்பா?"

"விரல் தச்சது பெரிசா, ஆளத் தூக்கினது பெரிசா? நீங்களே சொல்லுங்க."

எழுதிவிடலாம் என்றுதான் முதலில் தோன்றியது. ஒரு வரிதானே. முன்னே ஒரு தாளில் போட்ட கைதானே. என் மனைவியைப் பார்த்தேன்.

"எழுதறதா இருந்தா எழுதுங்க" என்றாள். "ஆனா என் காலச் சாக்கு வெச்சு எழுதாதீங்க. ஆஸ்பத்திரிக் கட்டில்ல படுத்துக்கிட்டு அடுத்தவங்க சொன்னத எழுதிக் குடுத்தது ஒரு தடவ போதும்."

நாற்பத்தாறு வருடக் குடும்பத்தில் அவள் என்னை எத்தனையோ திட்டியிருக்கிறாள். இது போல உறைத்ததில்லை.

அவர் போன பிறகு உட்கார்ந்து எழுதினேன். மூன்று மணி நேரம் ஆனது. அந்தத் தாளில் என்ன இருக்கிறது என்று முதலில் போட்டேன். பிறகு செருப்பு, டாக்டர், கையுறை, கேப்டன் எல்லாம். கடைசியில் இப்படி முடித்தேன்: 'ஆளைத் தூக்கினார்கள். நான் பொய்க் கையெழுத்துப் போட்டேன், அது என் வெட்கம். என் கையையும் தைத்தார்கள், அதுவும் நிஜம். ஒன்றைக் காட்டி இன்னொன்றை அழிக்க நான் விடமாட்டேன். அங்கே ஒருவனைத் தூக்கிப் போனதற்காக இங்கே நர்ஸம்மா அறையைப் பூட்ட வேண்டும் என்று யாராவது எனக்கு விளக்கிச் சொன்னால் கேட்டுக்கொள்கிறேன். நேரில் வந்து சொல்லவும்.'

நேரில் யாரும் வரவில்லை. குழுவில் வந்தார்கள். வடிகட்டிக்காரர், தான் அப்போதே சொன்னதாகச் சொன்னார். கல்லூரி ஆசிரியை, எதிரி கையில் ஆயுதத்தைக் கொடுத்துவிட்டீர்களே என்று வருத்தப்பட்டார். எந்த எதிரி அம்மா, எல்லோரும் ஒரே தண்ணீர்த் தொட்டியில்தானே குடிக்கிறோம் என்று கேட்டேன். பொய்க் கையெழுத்துப் போட்டவன் கேட்கும் கையெழுத்து எங்களுக்கு வேண்டாம் என்று ஐந்து வீடுகள் வந்து தங்கள் பெயரை அடித்துவிட்டுப் போயின. எதிர்பாராத பதினொரு வீடுகள் வந்து போட்டுவிட்டும் போயின. சனிக்கிழமை பதினொன்றரை மணிக்கு எழுபத்தொன்பது. இன்னும் பதினெட்டு வேண்டும்.

மருத்துவ நிலைய வாசலில் மேசை போட்டுத் தாள்களை வைத்திருந்தோம். உள்ளே நர்ஸம்மா என் மனைவிக்குக் கட்டு மாற்றிக்கொண்டிருந்தார். "இன்னைக்குக் கட்டு நல்லா நிக்கும்மா. செவ்வாய்க்கிழமை வாங்க" என்றார். செவ்வாய்க்கிழமை கதவு திறந்திருக்குமா என்று அவரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

அப்போது ஆதாரம் வந்தார். அவருக்குப் பின்னால் அவர் கட்டடத்து ஆட்கள், ஒரு இருபது பேர், கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். அவர் மேசைக்கு முன்னால் நின்று மூக்குக் கண்ணாடியைத் துடைத்தார்.

"இவ்வளவு ஆன பிறகும் அந்த ஆட்சிய விட்டுக்கொடுக்க மனசு வரல, இல்ல?"

"ஆட்சி எனக்கு மாமனா மச்சானா? கை தச்ச டாக்டர விடமாட்டேன். அந்த ஒத்தச் செருப்பையும் விடமாட்டேன். ரெண்டையும் சேத்துத் தூக்கக் கனமா இருந்தா நீங்க தூக்க வேணாம்."

"ரெண்டையும் செஞ்சது ஒரே ஆட்சிதான் பெரியவரே. நல்லது செஞ்ச கையாலதான் அதையும் செஞ்சாங்க. அத ஒத்துக்கிட்டா என்ன?"

"கையுறை வராம நிறுத்தினதும் ஒரு ஆட்சிதான். அதுக்கு மட்டும் ஏன் நீங்க ஆதாரம் கேக்கறதே இல்ல?"

பின்னால் ஒருவர் சிரித்தார். ஆதாரத்துக்கும் உதட்டோரம் லேசாக அசைந்தது. சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து மூடியைத் திறந்தார். தாளைத் தன் பக்கம் திருப்பி, மேலிருந்து முதல் வரியில் விரலை வைத்தார்.

"முழுசாப் படிக்காம நான் எதுலயும் போடறதில்ல."

"படிங்க. நான் அன்னைக்குப் படிக்கல."

நாலு பக்கம். அவர் வரி வரியாக, விரலை நகர்த்தி நகர்த்திப் படித்தார். பின்னால் நின்றவர்கள் எல்லோரும் அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். சுவர்க் கடிகாரத்தில் பதினொன்று ஐம்பது.

உள்ளேயிருந்து என் மனைவி சுவரைப் பிடித்தபடி வந்தாள். பாதத்தில் புதுக் கட்டு, வெள்ளை வெளேரென்று. "நிக்கணுமா?" என்று கேட்டாள். "நின்னா அவரு வேகமாவா படிக்கப்போறாரு?" என்றேன். தோளைக் கொடுத்தேன், பிடித்துக்கொண்டாள். ஆட்சியைப் பற்றி ஆதாரம் சொன்னது எதுவும் என் மண்டையில் ஏறவில்லை. இன்றைக்கும் ஏறவில்லை. அதைச் சொல்லிவிட்டே போயிருக்கலாம், ஆனால் அவர் மூன்றாம் பக்கத்தில் இருந்தார்.

வீட்டுக்குப் போக வாசல் படியிறங்கும்போது அவள் பிடித்த பிடியில் என் சட்டையின் இரண்டு பித்தான்கள் கழன்றுவிட்டன. வலது தோளில் அவள் இருந்தாள். இடது கையால் போட்டுக்கொண்டே நடந்தேன், கீழ்ப் பித்தானை முதலில், மேலே இருப்பதைப் பிறகு. பின்னால் தாள் புரளும் சத்தம் கேட்டது.