பழைய போர்டில் இருந்த சாவி

அக்காவின் லேப்டாப்பில் புதுப் போர்டைப் பொருத்திப் பட்டனை அமுக்கினேன். ஃபேன் சுற்றியது. அப்பாடா என்று நிமிர்ந்தால், திரை நீலமாக மாறி நாற்பத்தெட்டு இலக்க மீட்பு எண்ணைக் கேட்டது. மணி பத்தே கால். இரண்டரைக்கு அக்காவுக்குக் கோர்ட்டு.

"என்னடா கேக்குது?" ஸ்டூலில் உட்கார்ந்திருந்த அக்கா எழுந்து வந்தாள்.

"பூட்டைத் திறக்க நம்பர் கேக்குது."

"நீதானே பூட்டு போட்டுக் கொடுத்த? நம்பரைப் போடு."

நான்தான் போட்டுக் கொடுத்தேன். ஒன்றரை வருடத்துக்கு முன்பு, "யாரும் திறக்க முடியாதபடி பண்ணிக் கொடுடா" என்று கேட்டாள். ஏன் என்று நான் கேட்கவில்லை. டிஸ்க் முழுவதையும் பூட்டினேன். அந்தப் பூட்டின் சாவி போர்டில் இருக்கும் ஒரு சிப்பில் தங்கிவிடும். போர்டை மாற்றினால் டிஸ்க் திறக்காது. அப்போது மீட்பு எண்ணைப் போட வேண்டும். கடைக்கு வருகிறவர்களிடம் எல்லாம் அந்த எண்ணை எழுதி வையுங்கள் என்று தொண்டை கிழியக் கத்துகிறவன் நான். அக்காவின் எண்ணை எங்கே வைத்தேன்? முதலில் பென் டிரைவில். அது தொலைந்துவிடுமே என்று, பெரிய புத்திசாலி மாதிரி அவள் லேப்டாப்புக்குள்ளேயே போட்டுவிட்டுப் பென் டிரைவை அழித்தேன். சாவியை உள்ளே வைத்துப் பீரோவைப் பூட்டிய முட்டாளை நீங்கள் பார்த்ததில்லை என்றால், வந்து என்னைப் பாருங்கள்.

இதை அக்காவிடம் சொன்னேன். சொல்லும்போது அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

"நாசமாப் போச்சு" என்றாள். "பாப்பா யாருகிட்ட இருக்கணும்னு இன்னைக்குச் சொல்லிடுவாங்கடா. அவரு அடிச்சதுக்கு இருக்கற ஆதாரமெல்லாம் இதுலதான் இருக்கு. இது இல்லன்னா, புருஷன்மேல சும்மா பழி போடறான்னு முடிச்சிடுவாங்க."

"வக்கீல்கிட்ட ஒரு காப்பி கொடுத்திருக்கக் கூடாதா?"

"என் மெயிலை அவரு பார்ப்பாரு. போனைப் பார்ப்பாரு. பென் டிரைவை எங்க ஒளிச்சாலும் தேடி எடுப்பாரு. நீ பூட்டுன இது ஒண்ணைத்தான் அவரால திறக்க முடியல. நேர்ல கொண்டு வரேன்னு வக்கீல்கிட்ட சொல்லியிருந்தேன். நேத்து இது செத்துப் போச்சு."

எனக்கு என்மேலேயே அப்படி ஒரு ஆத்திரம் வந்தது. ஒரே வழிதான் இருந்தது. செத்துப்போன பழைய போர்டுக்கு ஒரு தடவையாவது உயிர் கொடுக்க வேண்டும். ஆனால் அது என்னிடம் இல்லை. எங்கள் தொழிலில் பழைய போர்டைக் கொடுத்தால்தான் புதுப் போர்டு கிடைக்கும். காலையில் கடை திறந்ததும் முதல் ஆளாகப் போய் அதைக் குண்டூசியிடம் கொடுத்திருந்தேன். ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்காரருக்கு அவர் உடம்பைப் பார்த்து ஊர் வைத்த பெயர் அது.

போன் போட்டேன். "பழசா? மூட்டை கட்டியாச்சுப்பா. வண்டிக்காரன் வந்து நிக்கிறான்" என்றார்.

"அண்ணே, அந்த மூட்டையை ஏத்துனீங்க, நான் மனுஷனா இருக்க மாட்டேன்!"

"ஏம்ப்பா காலங்காத்தால சாமியாடற? சரி, சீக்கிரம் வா."

அக்கா என் ஸ்கூட்டரின் பின்னால் ஏறிக்கொண்டாள். கடையிலேயே இரு என்றேன், கேட்கவில்லை. இரண்டு சிக்னலிலும் "போடா, போடா" என்று முதுகில் குத்திக்கொண்டே வந்தாள். சிவப்பு விளக்குக்கு நான் என்ன செய்வேன்?

குண்டூசியின் கடை வாசலில் மூட்டையைக் கொட்டினோம். எல்லாம் பச்சையும் கறுப்புமாக ஒரே ஜாடை. வண்டிக்காரர் கடிகாரத்தைக் காட்டிக் காட்டி முணுமுணுத்தார். கழற்றுகிற போர்டில் எல்லாம் மார்க்கரால் வாடிக்கையாளர் பெயரை எழுதுவது என் வழக்கம். அக்காதான் கண்டுபிடித்தாள். ஓரத்தில் கோணல் எழுத்தில் 'அக்கா' என்று இருந்தது.

"எனக்குப் பேரே இல்லையாடா?" என்றாள். அன்று காலையிலிருந்து அப்போதுதான் சிரித்தாள்.

திரும்பி வந்து மேஜையில் வைத்து மீட்டரால் தொட்டுக்கொண்டே போனேன். ஓரிடத்தில் பீப் என்று கத்தியது. கடுகளவு ஒரு கெப்பாசிட்டர் ஷார்ட் ஆகியிருந்தது. நேற்றே பார்த்திருக்கலாம். போர்டை மாற்றுவது சுலபம் என்று மாற்றினேன், சோம்பேறித்தனம், வேறென்ன? அது இல்லாமலும் போர்டு ஓடும் என்று பிடுங்கி எடுத்தேன். டிஸ்க்கைப் பழைய போர்டில் மாட்டி, மூடி இல்லாமலேயே கரண்ட் கொடுத்தேன்.

வரவில்லை. மறுபடியும் அமுக்கினேன். அக்கா என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். மூன்றாவது தடவை ஃபேன் சுற்றியது. எந்த எண்ணையும் கேட்காமல் அவள் பாஸ்வேர்டை மட்டும் கேட்டது. மணி பன்னிரண்டு ஐம்பது.

"திறந்துடுச்சுக்கா!"

"முதல்ல காப்பி எடு. அப்புறம் குதி."

இரண்டு பென் டிரைவில் காப்பி எடுத்தேன். மீட்பு எண்ணைக் காகிதத்திலும் எழுதினேன். ஒலிப்பதிவுக் கோப்புகளுக்கு வெறும் தேதிதான் பெயர். அறுபத்திரண்டு இருந்தன.

"ஒண்ணைப் போட்டுப் பாரு, ஒழுங்கா கேக்குதான்னு" என்றாள்.

கைக்கு வந்ததை அமுக்கினேன். அத்தானின் குரல், தணிந்து, பல்லைக் கடித்துக்கொண்டு. பளார் என்று ஒரு சத்தம். ஏதோ உருண்டு விழுந்தது. பிறகு அடுத்த அறையிலிருந்து இன்னொரு குரல்: "அக்கா, என்ன அங்க சத்தம்?"

அது என் குரல்.

"பாத்திரம் கைதவறிடுச்சுடா" என்றாள் அக்கா, பதிவில்.

நான் சிரிப்பது கேட்டது. "அத்தான், சீட்டை யாரு கலைக்கிறது? சீக்கிரம் வாங்க!"

நிறுத்தினேன். நிறுத்திய பிறகும் காதில் அந்தச் சிரிப்புதான். அக்கா என்னைப் பார்க்காமல் பென் டிரைவ்களைக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டிருந்தாள்.

"இது இருக்குன்னு தெரிஞ்சும் என்கிட்ட சொல்லலையேக்கா."

"சொன்னா நீ தாங்க மாட்டேடா."

ஷட்டரை இழுக்கப் போனேன்.

"கடையை ஏன் மூடற?"

"நானும் கோர்ட்டுக்கு வரேன்."

"வந்து என்ன சொல்லுவ?"

"அன்னைக்கு நான் அந்த வீட்டுலதான் இருந்தேன்னு சொல்லுவேன். சத்தம் கேட்டுச்சுன்னு சொல்லுவேன்." ஷட்டரைக் கீழே இழுத்தேன். "சிரிச்சேன்னும் சொல்லுவேன்."