தேங்காய் லாரியில் வந்த கோடி

"மாமா, கட் பண்ணாதீங்க. எங்க இறங்குவீங்கன்னு மட்டும் சொல்லுங்க" என்று வர்ஷா கத்தினாள். எதிர்முனையில் "வானகரம்" என்று ஒரே ஒரு சொல் வந்தது. பிறகு போன் அணைந்துவிட்டது.

கூடத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் அம்மா படுத்திருந்தாள். சுற்றி உட்கார்ந்திருந்த பெண்கள் அழுகையை நிறுத்திவிட்டு வர்ஷாவைப் பார்த்தார்கள். சாவு வீட்டில் இதைவிடச் சுவாரசியமான விஷயம் வேறென்ன கிடைக்கும்?

"இன்னாவாம்?" என்றாள் குப்பம்மா அத்தை. அப்பாவின் தங்கை.

"பஸ்ஸ விட்டுட்டாராம். விக்கிரவாண்டிகிட்ட டீக்கு நிறுத்தியிருக்காங்க. இவரு பாத்ரூம் போயிட்டு வர்றதுக்குள்ள எடுத்துட்டான். இப்ப ஏதோ தேங்கா லாரில ஏறி வர்றாரு."

"தேங்கா லாரியா? அப்ப வந்தா மாதிரிதான்."

அம்மா நாகம்மாவுக்குக் கோவில்பட்டிப் பக்கம். ஆவடி குவார்ட்டர்ஸில் இருந்த சித்தி வீட்டுக்கு லீவுக்கு வந்தவள், அங்கே தொழிற்சாலையில் வேலை பார்த்த நடேசனைப் பார்த்து, சாதியைப் பார்க்காமல் கல்யாணம் செய்துகொண்டாள். அன்றோடு பிறந்த வீடு அவளைத் தலைமுழுகிவிட்டது. ஒரு பெண் செத்தால் பிறந்த வீட்டிலிருந்து கோடிச் சேலை வர வேண்டும், அதைப் போர்த்தித்தான் எடுப்பார்கள். வீட்டில் சண்டை முற்றும்போதெல்லாம் குப்பம்மா அத்தை கடைசியாக எடுத்து வீசுவது இதைத்தான்: "நீ செத்தா ஒரு கோடி போட நாதி கீதா உனுக்கு?" மற்ற எதற்கும் வாய்க்கு வாய் பதில் சொல்லும் அம்மா, இதற்கு மட்டும் சொல்ல மாட்டாள். அடுப்படிக்குப் போய், ஏற்கனவே தேய்த்து வைத்த பாத்திரத்தை மறுபடி தேய்ப்பாள்.

அதனால்தான் நேற்று அம்மாவின் மூச்சு நின்றதும், வர்ஷா ஊரெல்லாம் விசாரித்து, பார்த்தே இராத திருமுருகன் மாமாவின் நம்பரைப் பிடித்தாள். அவர், "எங்கக்காவுக்குக் கோடி நாந்தான் கொண்டு வருவேன். நான் வராம எடுத்துறாதீங்கம்மா" என்றார்.

இப்போது வாசலில் அமரர் ஊர்தி நின்றது. டிரைவர் இரண்டு தடவை எட்டிப் பார்த்துவிட்டார்.

"சுடுகாட்டுல டைம் குடுத்துட்டாங்கடி. வண்டிக்காரன் நின்னுகினு கீறான்" என்றாள் அத்தை. "நான் ஒரு சேல வாங்கியாந்து கீறேன். பட்டுதான். அத்தப் போட்டு எடுத்துருவோம். யாரு கேக்கப் போறா?"

"போட்டா நீ சொன்னது உண்மையாயிடும் அத்த."

அத்தைக்கு எதைச் சொல்கிறாள் என்று புரிந்தது. கூடத்திலிருந்த எல்லோருக்கும் புரிந்தது, தெருவே கேட்க நடந்த சண்டைகள்தானே.

வர்ஷா ஸ்கூட்டி சாவியை எடுத்தாள். அம்மாவைக் கூடத்தில் போட்டுவிட்டு மகள் வண்டியெடுத்துக்கொண்டு போவதா என்று யாரோ முணுமுணுத்தார்கள். பந்தலில் நாற்காலியில் உட்கார்ந்திருந்த அப்பா நேற்றிலிருந்து ஒரு வார்த்தை பேசவில்லை. ஸ்கூட்டி போக வழிவிட்டுக் காலை மட்டும் இழுத்துக்கொண்டார்.

வானகரத்தில் பைபாஸ் மேலே போகிறது, சர்வீஸ் ரோடு கீழே போகிறது. வெளியூரிலிருந்து வருகிறவர்கள் மேலேயே இறங்கிவிடுவார்கள், கூப்பிட வந்தவர்கள் கீழே தேடிக்கொண்டிருப்பார்கள். வர்ஷாவும் கீழேதான் நின்றாள். டீக்கடை, பழக்கடை, ஆட்டோ ஸ்டாண்டு எல்லாம் பார்த்தாள். தேங்காய் லாரி கீழே இறங்காது என்பது பிறகுதான் உறைத்தது. தன் தலையில் தானே அடித்துக்கொண்டு, துப்பட்டாவை இடுப்பில் கட்டிக்கொண்டு, புல் சரிவில் ஏறினாள்.

மேலே ஏழெட்டுப் பேர் மூட்டை முடிச்சோடு நின்றார்கள். யாரென்று கண்டுபிடிப்பது?

"மாமா!" என்று கத்தினாள்.

மூன்று பேர் திரும்பினார்கள். ஒருவர் மட்டும் அழ ஆரம்பித்தார். காலில் செருப்பில்லை, தலையெல்லாம் தேங்காய் நார். துணிக்கடைப் பை ஒன்றை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்திருந்தார்.

"அக்கா குரல் அப்படியே இருக்கும்மா உனக்கு."

"செருப்பு எங்க மாமா?"

"பஸ்ஸு பின்னாடியே ஓடுனேன்லா, அந்துபோச்சு. வேட்டி, சட்டை எல்லாம் பஸ்ஸோட போச்சு. இத மட்டும் விடல. பாத்ரூமுக்கும் கையோட கொண்டுக்கிட்டுத்தான் போனேன்."

வர்ஷாவுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தும்விட்டாள்.

ஸ்கூட்டி அயனம்பாக்கம் தாண்டும்போது கேட்டாள். "இத்தன வருஷம் ஏன் மாமா வரல?"

"அப்பா சத்தியம் வாங்கிட்டாரும்மா. அவரு போனப்புறமாவது வந்திருக்கணும். எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு வாறதுன்னு இருந்துட்டேன்."

அவளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஒரு போன் பண்ணியிருக்கக் கூடாதா? ஆனால் பின்னால் அவர் விசும்புவது முதுகில் தெரிந்தது. அம்பத்தூர் நெரிசலுக்குள் வண்டியை நுழைத்தாள். சந்து கிடைத்த இடத்திலெல்லாம் புகுந்தாள். ஒரு பஸ் டிரைவர் எட்டிப் பார்த்துத் திட்டினார். "திட்டிக்கோண்ணா" என்று சொல்லிவிட்டுப் பறந்தாள்.

தெருமுனையில் மேளக்காரர்கள் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களின் தலைவர் ஜம்புலிங்கம் கையை நீட்டி வண்டியை நிறுத்தினார்.

"யாரு பாப்பா, பொறந்த ஊட்டு ஆளா?"

"ஆமாண்ணா. அம்மாவோட தம்பி. கோடி கொண்டாந்திருக்காரு."

"அவர இப்டி கம்முனு இட்டுகினு போவியா? இறங்கு. நடந்து வரட்டும். டேய், எந்திரிங்கடா!"

எதிர்வீட்டு ரேஷ்மா ஒரு தாம்பாளத்தோடு ஓடிவந்தாள். சேலையை அதில் வைத்து மாமா இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டார். மேளம் இடி மாதிரி கிளம்பியது. மாடியில் துணி காயப்போட்டவர்கள் எட்டிப் பார்த்தார்கள், கடைக்காரர் வெளியே வந்து நின்றார், தெருவே வாசலுக்கு வந்தது. வெறுங்காலோடு, தலையில் நாரோடு, நாகம்மாவின் தம்பி தெருவின் நட்டநடுவே நடந்தார். அம்மா செத்த மறுநாள் இப்படி ஒரு சந்தோஷம் வரலாமா என்று வர்ஷாவுக்குத் தெரியவில்லை. வந்தது.

பந்தலிலிருந்து அப்பா எழுந்து வந்தார். பாதித் தெருவுக்கு வந்து, மாமாவின் தோளில் கை வைத்தார்.

"வா மச்சான்" என்றார்.

உள்ளே கண்ணாடிப் பெட்டியைத் திறந்திருந்தார்கள். குப்பம்மா அத்தை தன் பட்டுச்சேலையைச் சத்தமில்லாமல் பீரோமேல் வைத்துவிட்டு வந்து, தாம்பாளத்துக்குக் கை நீட்டினாள். சேலையைப் பிரித்தாள். கடை மூடும் நேரத்தில் அவசரமாக வாங்கிய சாதாரண நூல் சேலை, மஞ்சளில் சிவப்புக் கரை, லாரியில் கசங்கியிருந்தது. கடை ஸ்டிக்கரை நகத்தால் சுரண்டி எடுத்தாள். அண்ணியின் கழுத்திலிருந்து கால்வரை போர்த்தி, உள்ளங்கையால் சுருக்கங்களை நீவினாள்.

டிரைவர் வாசலில் தலையை நீட்டினார். "எடுக்கலாமா அம்மா? ரொம்ப லேட்டாவுது."

"இரு நைனா, இன்னா அவசரம்?" என்றாள் அத்தை, திரும்பாமலே. "எல்லாரும் பாக்க வாணாமா?"

கரை வெளியே தெரியும்படி இன்னும் கொஞ்சம் இழுத்துவிட்டாள்.