ஒன்பதாவது கால்

ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பதே முக்கால். பதினோரு மணிக்கு எனக்கு ஆன்லைன் தேர்வு. தேறினால் கம்பெனியின் டிசைன் பிரிவு. கோட்டை விட்டால் பழையபடி ஃபேக்டரி லைனில் நின்று மோட்டார் கவர்களைச் சோதிக்க வேண்டியதுதான். ஓசூரில் ஆறு வருடம் நின்றே கழித்துவிட்டேன். இனி உட்கார்ந்து வரைய வேண்டும் என்று எனக்கு ஒரு வெறி.

அதற்காகவே பெங்களூரில் பாகம் பாகமாக வாங்கி வந்து, நேற்று முழுக்க என் கையால் பூட்டிய கம்ப்யூட்டர் இது. டிஸ்கில் விண்டோஸ் ஏற்றித் தந்த கடைக்காரர், பூட்டியும் தருகிறேன் என்றதற்கு, வேண்டாம் என்று சொன்ன வாய் என்னுடையது. ஸ்விட்சைப் போட்டேன். விசிறி அரைச் சுற்று சுற்றி நின்றுவிட்டது.

"என்னா ஜோதி, படுத்துடுச்சா?" என்றார் சிவராஜ். என் வீட்டுக்காரர், தேன்கனிக்கோட்டை பஸ்ஸில் கண்டக்டர்.

"வாய வச்சுக்கிட்டு சும்மா இருங்க. அந்த டார்ச்சப் புடிங்க."

ராம் மெமரியைக் கழற்றித் துடைத்து மாட்டினேன். ம்ஹும். ஒவ்வொரு ஒயராகப் பிடுங்கிச் செருகினேன். அதே அரைச் சுற்று. மணி பத்தேகால். அழுகையும் வந்தது, ஆத்திரமும் வந்தது.

கடைசியில் கேபினெட் பெட்டியிலிருந்து மதர்போர்டையே வெளியே எடுத்து, அது வந்த அட்டைப்பெட்டியின் மேல் வைத்து இணைப்புக் கொடுத்தேன். விசிறி விர்ரென்று சுற்றியது. திரையில் எழுத்து வந்தது! நான் போட்ட கூச்சல் தெருமுனை வரை கேட்டிருக்கும்.

"அட்ட மேல ஓடுது, உள்ள வச்சா ஓடல. அப்ப கேபினெட்லதான் வில்லங்கம்" என்றார் சிவராஜ்.

காலி கேபினெட்டுக்குள் டார்ச் அடித்தேன். போர்டைத் தாங்க நான் திருகி வைத்த பித்தளைக் கால்கள் நின்றன. எண்ணினேன். ஒன்பது. போர்டில் இருந்த ஓட்டைகளை எண்ணினேன். எட்டு! ஒன்பதாவது கால், ஓட்டையில்லாத இடத்தில் போர்டின் அடியில் முட்டி ஷார்ட் ஆக்கியிருக்கிறது.

வேறு யார் வைத்தது? நான்தான். லைனில் ஒரு ஓட்டை காலியாக இருந்தாலும் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டித் திருப்பி அனுப்புகிறவள். கேபினெட்டில் ஒன்பது ஓட்டையைப் பார்த்தால் பழகிய கை சும்மா இருக்குமா? நேற்று ஒரு ஸ்க்ரூ மிச்சமானபோதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

அந்தக் காலைக் கழற்றி எறிந்தேன்.

"மேடம், ஒரு ஓட்ட காலியா இருக்குதே. செவப்பு ஸ்டிக்கர் ஒட்டிடலாமா?"

"ஒட்டிப் பாருங்க, கைய ஒடிச்சிடுவேன்."

எட்டு ஸ்க்ரூவையும் லைன் வேகத்தில் முறுக்கினேன். பத்து ஐம்பத்து மூன்று. ஸ்விட்ச். விசிறி நிற்கவில்லை. சந்தோஷத்தில் அவர் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தேன்.

பதினோரு மணிக்குத் தேர்வு திறந்தது. முதல் கேள்வியே மோட்டார் கவர் வரையச் சொன்னது. ஆறு வருடம் என் கையில் புரண்ட அதே கவர். அதில் எத்தனை ஓட்டை என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். இருந்தாலும் ஒருமுறை எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் வரைய ஆரம்பித்தேன்.