ஓலைக்குக் கட்டிய வீடு

பாறசாலைக்குத் தெற்கே, ரயில்பாதையை ஒட்டி இருந்த சத்தியநேசனின் வீடு அவருடைய பாட்டன் காலத்துக்கும் முந்தையது. அயனி மரத் தூண்கள், பலாப் பலகைச் சுவர்கள். இரும்பு படாமல் மர ஆணிகளாலேயே பூட்டி நிறுத்தியது. மேலே சரிந்து இறங்கும் தென்னங்கிடுகுக் கூரை. வழியே போகிறவர்கள் நின்று பார்த்துவிட்டுத்தான் போவார்கள். சத்தியநேசனுக்கோ அந்த ஓலைக்கூரை மானக்கேடு. மகள் ஜெபமலரைப் பெண்கேட்டு மார்த்தாண்டத்திலிருந்து வருகிறார்கள் என்றதும், கிடுகைப் பிரித்தெறிந்து ஓடு போட்டுவிட்டார். அது தொண்ணூற்று நாலாம் வருஷத்து மே மாதம்.

ஓடு ஏறியதிலிருந்து அவர் மனைவி தாசம்மாளுக்கு நெஞ்சு நிலைகொள்ளவில்லை. அடுக்களையில் நின்றால் தலைக்கு மேல் மரம் முனகியது. அறைக்கதவு முதலில் நிலையில் உரசியது, பிறகு அடையவே மறுத்தது. கணவரிடம் சொன்னாள். புதுப் பாரத்துக்கு மரம் பழக வேண்டாமா என்று அவர் சிரித்தார். ஆசாரியைக் கூப்பிட்டுக் காட்டலாம் என்றாள். விழப்போகிற வீடு என்று பேர் வந்தால் பெண்ணை யார் எடுப்பார் என்று வாயை அடைத்துவிட்டார். அவள் மகளின் கட்டிலைக் காரணம் சொல்லாமல் வாசற்பக்கம் இழுத்துப் போட்டாள்.

விருந்தாளிகள் வந்த அன்று விடியும்போதே மழை பிடித்துக்கொண்டது. கூடத்தில் பாய் விரித்து எல்லாரும் உட்கார்ந்தார்கள். மாப்பிள்ளையின் அப்பா யோசுவா ஜெபத்துக்குக் கண்ணை மூடினார். தாசம்மாள் மட்டும் மூடவில்லை. நனைந்த ஓட்டின் கனம் அவள் தோளிலேயே ஏறுவது போலிருந்தது. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே நடுத்தூணின் தலையிலிருந்த மர ஆணி விரற்கடை அளவு வெளியே நகர்ந்தது.

ஆமென் வரைக்கும் அவள் பொறுக்கவில்லை.

"எல்லாரும் வெளிய எறங்குங்க. வீடு நிக்காது."

மிரண்டு ஓடி, முற்றத்துப் பலாவின் அடியில் நனைந்துகொண்டு நின்றார்கள். வீடு அப்படியே நின்றது. ஒன்றும் விழவில்லை. சத்தியநேசனின் முகம் கறுத்தது. தடுத்த அவள் கையை உதறிவிட்டு, வீட்டுக்கு ஒன்றுமில்லை என்று காட்டப்போகிறவர் போல உள்ளே போனார். நடுத்தூணின் அடியில் நின்று அவர் அண்ணாந்து பார்ப்பது முற்றத்திலிருந்து தெரிந்தது.

திரும்பி வந்தபோது அவர் அவளைப் பார்க்காமல் யோசுவாவிடம் சொன்னார்.

"அவ சொன்னது நேருதான், அண்ணே. ஓட்ட எறக்கணும்."

யோசுவா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஏணி எங்கே என்றார். வந்த ஆண்கள் அத்தனை பேரும், மாப்பிள்ளை உட்பட, வரிசையாக நின்று இரண்டு பக்கமும் சமமாக ஓட்டைக் கைமாற்றி இறக்கினார்கள். ஜெபமலர் அடுத்த வீட்டில் கட்டன்சாயா போட்டுக் கொண்டுவந்தாள். கூரையில் மரச்சட்டம் மட்டும் மிஞ்சிய கூடத்துக்குள் மழை நேராகக் கொட்டியது. யோசுவாவின் மனைவி பக்கத்தில் வந்து, இனிப் பயமில்லையே என்று கேட்டாள்.

"இப்பவும் பேடியாத்தான் இருக்கு, மைனி," என்றாள் தாசம்மாள். அந்த அம்மாள் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

ஓணம் கழிந்து கல்யாணம் நடந்தது. அதற்குள் ஆசாரி வந்து சட்டத்தை நிமிர்த்திப் புது ஆணி இறுக்கி, மேலே கிடுகும் வேய்ந்தாயிற்று. ஆனாலும் அந்த வருஷம் முழுக்க மழை பெய்யும்போதெல்லாம் தாசம்மாள் முற்றத்தில் இறங்கி நின்றாள். சத்தியநேசன் அவளை உள்ளே கூப்பிடவில்லை. குடையை எடுத்துக்கொண்டு வந்து கூடவே நின்றார்.